இலை வாடும் நேரம்

முகத்தில் கிடந்த ஈரத் துணி காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அதன் முரமுரப்புதான் அவனை எழுப்பியது.

இலை சுற்றிக்கொண்டு போக வேண்டிய துணி அது. நனைத்து, ஒட்டப் பிழிந்து, பைக்குள் விரித்து, மல்பெரி இலைகளை அதில் அடுக்கி மூடி, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அத்தையின் சட்டம். அவனோ இலைகளைப் பறித்து வெறும் பைக்குள் திணித்துவிட்டு, துணியை முகத்தில் போட்டுக்கொண்டு, மூடிக்கிடந்த பஸ் பணிமனையின் சுவரோரம் அந்த மரத்தடியிலேயே மல்லாந்துவிட்டான். பத்து நிமிஷம் என்றுதான் நினைத்தான்.

போனைப் பார்த்தான். பன்னிரண்டு இருபது. வீட்டை விட்டுக் கிளம்பியது பத்தரைக்கு.

அடித்துப் பிடித்து எழுந்தான். வலது முழங்கால் ஒருமுறை சிக்கி, பிறகு வேண்டாவெறுப்பாக நீண்டது. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்ததில் முழங்கால் போனது. முழங்காலுக்குப் பின்னாலேயே வேலையும் போனது. கம்பெனி கொடுத்த கருநீலச் சட்டைகள் மட்டும் போகவில்லை. மார்பில் இருந்த கம்பெனிப் பெயரைப் பிரித்தெடுத்துவிட்டு அதையேதான் போட்டுக்கொண்டு திரிகிறான். மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலைக்குப் போகிறாள். அவன் அவளுடைய அம்மா வீட்டில், அத்தையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். வீட்டோட மாப்பிள்ளை. சொந்தக்காரர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் வாயில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு மெல்லல் இருக்கும்.

அத்தை அந்த வார்த்தையைக்கூடச் சொன்னதில்லை. பதினோரு வருஷமாக அவனிடம் அவள் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. கல்யாணம் பிடிக்காத கோபத்தில் முதல் வருஷம் பேசவில்லை. பிறகு கோபம் போனதோ என்னவோ, பேசாத பழக்கம் நிலைத்துவிட்டது. சுவரைப் பார்த்துப் பேசுவாள். பட்டுப்புழுத் தட்டுகளைப் பார்த்துப் பேசுவாள்.

"யாராவது ஜன்னலைச் சாத்தினா தேவலை."

பகலில் வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆரம்பத்தில் ஒருமுறை, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அவன் திரும்பிக்கூடப் பார்த்தான். படுக்கையில் விழுந்த பிறகு அந்த 'யாராவது'க்கும் மூச்சு போதாமல், ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு கட்டில் கம்பியில் தட்டினாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் தலையணையைச் சரி செய்ய வேண்டும். மூன்று என்றால் புழுவுக்கு இலை.

மூன்றுதான் அதிகம் கேட்கும்.

அத்தை பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற வருஷம் ஒரு சிநேகிதி, கைக்குட்டை அளவுத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். தாள் முழுக்கக் கசகசா ஒட்டிவைத்த மாதிரிப் பட்டுப்பூச்சி முட்டைகள். அன்று தொடங்கியது. ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் முட்டைத் தாள். வெளியே எடுத்து வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரியும். பொரிவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு முட்டையிலும் நீலமாக ஒரு புள்ளி விழும். "நாளைக்குப் பிரசவம்" என்பாள் அத்தை, மகளிடம். மறுநாள் விடிந்ததும் மயிரிழை மாதிரி நெளியும் குஞ்சுகளைக் கோழி இறகால் தொட்டுத் தொட்டுத் தட்டுக்கு மாற்றுவாள். நாலு தடவை தோல் உரித்து, விரல் தடிமன் ஆகி, கூடு கட்டும். கூட்டை வேக வைத்தால்தான் நூல் கிடைக்கும். அத்தை வேக வைக்க மாட்டாள். பூச்சிகள் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும், சேரும், முட்டை போடும், செத்துப்போகும். பரண் மேல் ஒரு மூட்டை நிறைய ஓட்டைக் கூடுகள் கிடக்கின்றன.

"நூலும் இல்லை, துணியும் இல்லை. எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டான்.

"அம்மாவுக்குப் பிறக்கிறதைப் பார்க்கணும். அவ்வளவுதான்" என்றாள் அவள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

வீட்டில் சாம்பிராணி கிடையாது, கொசுவத்தி கிடையாது, சென்ட் கிடையாது, அவன் ஒரு சிகரெட் பிடிக்க வேண்டுமென்றாலும் மூன்று மாடி இறங்கித் தெருமுனைக்குப் போக வேண்டும். புழுவுக்கு வாசம் ஆகாது. போன வருஷம் அத்தை தன் அக்காவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் இருந்த அவனுக்குக் கேட்டது.

"ஆண் பூச்சிக்கு இறக்கை இருக்கும்க்கா, பறக்கத் தெரியாது. திங்கிறதுக்கு வாயும் கிடையாது. பெட்டிக்குள்ளயே படபடன்னு சுத்திச் சுத்தி வரும். அதான் நம்ம வீட்டுலயே பார்க்கிறேனே."

அக்கா அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பும் கேட்டது.

வேகமாக நடந்தான். பை தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய அன்றே அத்தை முட்டைத் தாளை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டாள். கட்டிலையும் தட்டுகள் இருக்கும் அறையிலேயே போடச் சொன்னாள். டாக்டர் ஒரு மாதம் என்றார். இன்றைக்கு முப்பத்தாறாவது நாள். ஐந்து தட்டுகளில் புழுக்கள் விரல் நீளத்துக்கு வளர்ந்து ராவும் பகலும் தின்கின்றன. தின்னும் சத்தம் தூறல் மாதிரி இருக்கும். அந்தத் தூறலைக் கேட்டுக்கொண்டே அத்தை படுத்திருந்தாள். இன்னும் இரண்டு நாளில் கூடு கட்டத் தொடங்கிவிடும். "அதைப் பார்த்துட்டுப் போயிடுவேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

காலையில் மனைவி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே நாலு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவோட மூச்சு ஒரு மாதிரி இருக்கு. லீவு கேட்டேன், மதியம் வரைக்கும் இருன்னுட்டாங்க. ஒரு நிமிஷம்கூடத் தனியா விட்டுடாதீங்க."

"இலை தீர்ந்துபோச்சே."

"போறப்ப கீழ் வீட்டுத் தையல்காரம்மாவை வந்து உட்காரச் சொல்லுங்க. பறிச்சதும் ஓடி வந்துடுங்க, அரை மணி நேரம்தான். அப்பா போனப்ப பக்கத்துல ஒருத்தரும் இல்லைங்க. நான் ஸ்கூல்ல இருந்தேன், அம்மா ஊரான் பிள்ளைக்குப் பிரசவம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கும் அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"ஆகாது. நான் இருக்கேன்ல."

அப்படித்தான் சொன்னான்.

பத்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது ஸ்பூன் சத்தம் கேட்கவில்லை. குரல் கேட்டது.

"மாப்பிள்ளை."

திரும்பினான். அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரை இல்லை, தட்டை இல்லை, அவன் கண்ணை.

"சீக்கிரம் வந்துடுங்க. பயமா இருக்கு."

"ம்" என்றான். படியிறங்கும்போது அவனுக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபம்தான் வந்தது. பதினோரு வருஷமாக ஒரு நாற்காலிக்குக் கொடுக்கிற மரியாதைகூட இல்லை, இப்போது பயம் வந்ததும் மாப்பிள்ளை! தையல்காரம்மாவின் கதவைத் தாண்டிப் போனான். கூப்பிட்டு உட்கார வைத்தால் வீட்டில் இருக்கிறதை எல்லாம் கண்ணாலேயே அளவெடுத்துத் தெருவுக்குத் தைத்துக் கொடுத்துவிடுவாள். அரை மணி நேரம்தானே.

மரத்தடிக்கு வந்தும் கோபம் தீரவில்லை. பழுத்து விழுந்த கருஞ்சிவப்புப் பழங்கள் புல்லில் சிதறிக் கிடந்தன. நிழல் குளுகுளுவென்று இருந்தது. கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்றுதான் படுத்தான்.

மூன்றாவது மாடிக்கு ஏறி, கதவைத் திறந்தான். தூறல் சத்தம் இல்லை.

தட்டுகளில் இலைகளின் நரம்பும் காம்பும் மட்டும் மிச்சம் இருந்தன. நூற்றுக்கணக்கான புழுக்களும் தலையையும் முன் உடம்பையும் தூக்கி, இப்படியும் அப்படியுமாக ஆட்டி, இல்லாத இலையைத் தேடிக்கொண்டிருந்தன. முதலில் அதைத்தான் பார்த்தான். பிறகுதான் கட்டிலைப் பார்த்தான்.

அத்தையின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஸ்பூன் தரையில், எட்டாத தூரத்தில், தட்டு அடுக்கின் காலடியில் கிடந்தது.

"அத்தை."

குனிந்து கையைத் தொட்டான். இன்னும் சூடு இருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். நெடுநேரம் வைத்துப் பார்த்தான். பிறகு போய்ப் பையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வழக்கமான கொக்கியில் மாட்டினான். ஏன் மாட்டினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தினமும் வந்ததும் செய்வது. ஸ்பூனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கட்டிலில் உட்கார்ந்து, வெளியே தொங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மனைவிக்குப் போன் செய்தான்.

"அம்மா..." என்று ஆரம்பித்தான்.

அந்தப் பக்கம் கடையின் மணி மட்டும் யாரோ கதவைத் திறந்ததில் கிணுகிணுத்தது.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"கையைப் பிடிச்சுக்கிட்டீங்களா?"

அவன் தன் மடியைப் பார்த்தான். "பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.

ஒன்றரை மணிக்குள் வந்துவிட்டாள். அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் கிடந்தாள். எழுந்து நேராக அவனிடம் வந்து, அவன் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். கல்யாணமான புதிதில் அப்படி நிற்பாள். வேலை போன பிறகு நின்றதில்லை.

"அப்பா மாதிரி ஆகிடுமோன்னு கடை முழுக்க எனக்கு அதே நினைப்பு. ஒருத்தருக்கு லென்ஸை மாத்திப் போட்டுட்டேன். நீங்க இருந்தீங்க. அது போதும் எனக்கு. இனி எது இல்லாட்டியும் பரவாயில்லை."

அவன் அவள் முதுகில் கையை வைத்தான். எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்கு வண்டி வரும் என்று ஆனது. அத்தையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். யாரோ ரூம் ஸ்ப்ரே அடிக்கப் போக, மனைவி ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். "புழு இருக்கு!" என்றாள். அழுகைக்கு நடுவே அந்தக் குரல் அச்சு அசல் அத்தையின் குரலாக இருந்தது.

மூன்று மணிக்கு அத்தையின் அக்கா, பெரியம்மா, மூச்சு வாங்க வாங்க மாடி ஏறி வந்தாள். வாசல்படியிலேயே நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்ட்டுக்காரர் வீட்டுல லிஃப்ட் இல்லாத கொடுமையை யார்கிட்ட போய்ச் சொல்ல! அடிப் பாவி, எனக்கு முன்னாடி போயிட்டியேடி! வரிசையில முந்துறதே உனக்கு வேலையாப் போச்சு."

அழுது, ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"யாரு இருந்தா கடைசியில?"

"இவர்தான் பெரியம்மா" என்றாள் மனைவி. "கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்காரு."

பெரியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"கடைசியா என்ன சொன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாங்க."

"மாப்பிள்ளைன்னா! உங்களைப் பார்த்தா?"

"என்னைப் பார்த்துத்தான்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவன் பதினோரு வருஷம் காத்திருந்தான் என்று சொன்னால் தப்பில்லை. வந்தபோது அது அவனைச் சுட்டது.

அதற்குப் பிறகு பெரியம்மாவின் வாயை யாராலும் மூட முடியவில்லை. மூன்றரைக்கு வந்தவர்களிடம், "மாப்பிள்ளைன்னு வாயாரக் கூப்பிட்டுட்டுக் கண்ணை மூடியிருக்கா" என்றாள். நாலு மணிக்கு வந்தவர்களிடம் அத்தையின் தலை அவன் மடிக்கு வந்துவிட்டது. நாலேகாலுக்கு அவன் கையால் ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டாள். "எனக்குப் பிள்ளை இல்லாத குறையைத் தீர்த்தீங்க மாப்பிள்ளைன்னு சொல்லியிருக்கா. என்கிட்ட எத்தனை தடவை இந்தப் புள்ளையைப் பத்தி... சரி விடு, இப்ப எதுக்கு அது." வந்தவர்கள் எல்லோரும் அவனைத் தேடிக் கையைப் பிடித்தார்கள். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காதுங்க" என்றார் கண்ணாடிக் கடை முதலாளி. ஒவ்வொரு கையும் போன பிறகு அவன் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது தையல்காரம்மா அங்கே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அளவு டேப் கழுத்திலேயே தொங்கியது. அவனைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா?"

"என்ன?"

"காலையில மேல டிங் டிங்னு ஒரே சத்தம். பத்தே முக்கால் இருக்கும், ஆரம்பிச்சது. ஸ்பூன்தானே அது? எப்பவும் ரெண்டு தட்டுவாங்க, மூணு தட்டுவாங்க, நின்னுடும். இன்னைக்கு நிக்கவே இல்லை. நான் மிஷினை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். பன்னிரண்டு வரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. விட்டு விட்டு."

அவன் டம்ளரை எடுத்தான். அதில் தண்ணீர் பிடிக்கவில்லை.

"நீங்க இருக்கீங்கன்னு நினைச்சேன். இருக்கிற வீட்டுல போய் நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு விட்டுட்டேன். அப்புறம் பன்னிரண்டரைக்குப் பார்த்தா, நீங்க இலைப் பையோட ஏறிப் போறீங்க."

கூடத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "மடியில தலையை வெச்சு..."

தையல்காரம்மா கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கெதுக்கு? நானும்தான் ஏறி வந்து பார்க்கலை." டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வெளியே போனாள். வாசலில் திரும்பி, "பாவம், வலி தாங்க முடியாம தட்டினாங்களோ என்னமோ" என்றாள். அவனுக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். ஸ்பூன் இருந்தது.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவன் கூடத்துக்கு வந்தபோது மனைவி அம்மாவின் பக்கத்தில் இல்லை. பக்கத்து அறையில், தட்டுகளின் முன் நின்றிருந்தாள்.

"ஐயோ, இதுங்களை மறந்தே போயிட்டேன். காலையிலேருந்து ஒண்ணும் போடலையா? பாருங்க, எப்படித் தேடுதுங்கன்னு. அம்மா போற நேரத்துல இதுங்க பட்டினியா இருக்கணுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இலை பறிச்சுட்டு வந்தீங்கல்ல?"

"இரு, நான் எடுத்துட்டு..."

அதற்குள் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். கதவை விலக்குவதும், கொக்கியிலிருந்து பையை எடுப்பதும் கேட்டது. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இந்த வீட்டில் எத்தனையோ பேரிடம் கையைக் கொடுத்து நின்றிருக்கிறான். அந்தப் பையை எடுத்துக் குப்பையில் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

அவள் பையோடு வந்தாள். முதலில் துணி வந்தது. கருவாடு மாதிரி முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் புல் ஒட்டி, காய்ந்து இருந்தது. அதை உதறிப் பார்த்தாள். அவளும் இத்தனை வருஷம் இந்தப் புழுக்களோடு இருந்தவள்தான். பிறகு ஒரு இலையை எடுத்தாள்.

அவன் கொண்டுவரும் ஒவ்வொரு பையிலிருந்தும் அத்தை இப்படித்தான் ஒரு இலையை எடுப்பாள். காதோரம் வைத்து நடு நரம்பில் மடிப்பாள். டக்கென்று ஒடிந்தால் பேசாமல் தட்டில் போடுவாள். ஒடியாமல் வளைந்தால் இலையைத் தரையில் போடுவாள். அதுதான் அவள் அவனைத் திட்டும் முறை.

மனைவி இலையைக் காதோரம் வைத்து மடித்தாள். அது துணி மாதிரி மடங்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் மடங்கியது. மூன்றாவது இலையை வெறுமனே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பறித்து அப்போதே ஈரத் துணியில் சுற்றி, பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வந்த இலை நாளைக் காலை வரை வாடாது. மணி கேட்காமலே இலை மணி சொல்லும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வந்த அவசரத்துல... அம்மாவைப் பார்த்ததும் அப்படியே மாட்டிட்டேன்" என்றான்.

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அவன் முதுகில் அவள் விரல் பட்டது. தோள்பட்டைக்குக் கீழே, கருநீலச் சட்டையில் ஒட்டிக்கிடந்த எதையோ மெதுவாகப் பிய்த்தாள். அவன் திரும்பவில்லை. அவள் முன்னால் வந்து கையை விரித்துப் பார்த்தாள். நசுங்கிக் காய்ந்த ஒரு மல்பெரிப் பழம், காம்போடு.

வெளியே பெரியம்மா, "வண்டி வந்தாச்சு! மாப்பிள்ளை எங்க? தலைமாட்டை அவர்தான் தூக்கணும், அதுதான் நியாயம்" என்று கத்தினாள்.

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தான். எங்கே இருந்தீங்க? எத்தனை மணிக்கு வந்தீங்க? ஏன்? எது வந்தாலும் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம், காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

அவள் பழத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். புடவைத் தலைப்பால் விரல் நுனியைத் துடைத்தாள். தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்த புழுக்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இலை வாடிப்போச்சு. யாராவது போய்ப் புதுசா பறிச்சுட்டு வந்தா தேவலை."

"வண்டி..." என்றான். "நான் அம்மாவோட..."

"ஆள் இருக்காங்க தூக்கறதுக்கு" என்றாள், தட்டுகளிடம்.

பெரியம்மா வாசலில் எட்டிப் பார்த்தாள். "என்ன, இன்னும் உள்ளயே நிக்கிறீங்க?"

"புழுவுக்கு இலை இல்லை பெரியம்மா."

"இப்பப் போய் இலையா?"

"அம்மா இருந்தா பட்டினி போடுவாங்களா?"

பெரியம்மா ஒரு நொடி யோசித்தாள். கண்ணில் மறுபடியும் தண்ணீர் தளும்பியது. "அதுவும் சரிதான். அவளுக்கு உசிரே இதுங்கதானே. போங்க மாப்பிள்ளை, போயிட்டு வாங்க. பாருங்கடி, சாவு வீட்டுலயும் அத்தை மனசு அறிஞ்சு இலைக்குப் போற மனுஷன். இந்த மாதிரி யாருக்குக் கிடைக்கும்?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் பையை எடுத்துக்கொண்டான். கூடத்தில் அத்தையைத் தூக்க நாலு பேர் குனிந்திருந்தார்கள். வழிவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவர்களைத் தாண்டிப் போனான். தையல்காரம்மா படிக்கட்டில் ஒதுங்கி நின்றாள். கீழே வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க வீட்டு ஆள்தானே, ஏறலையா?" என்று கேட்டார். அவன் பையைத் தூக்கிக் காட்டினான். வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

பணிமனைச் சுவரோரம் வெயில் சாய்ந்திருந்தது. மரத்தடியில் புல் ஒரு ஆள் நீளத்துக்கு அழுந்திக் கிடந்தது. அந்த அளவுக்குள் விழுந்திருந்த பழங்கள் மட்டும் நசுங்கியிருந்தன. அவன் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். வாடிய இலைகளைச் சுவரோரம் கொட்டினான். தெருக் குழாயில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, பைக்குள் விரித்தான். எட்டிய கிளையில் எல்லாம் பறித்தான். பறித்ததில் ஒன்றைக் காதோரம் கொண்டுபோய் நடு நரம்பில் மடித்தான்.

டக்கென்று ஒடிந்தது.

துணியை மடித்து மூடினான். பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிக்கிய முழங்காலையும் இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். சட்டைப் பைக்குள் ஸ்பூன் வீட்டுச் சாவியில் இடித்து இடித்து, வழி முழுக்க நிற்காமல் தட்டிக்கொண்டே வந்தது.